துரை விட்டுப்போன இரண்டு நாய்கள்

பல்லாரி
6-6-1938

அன்புள்ள தங்கை கோவிந்தம்மாளுக்கு அண்ணன் முனிராஜ் எழுதுவது.

நேற்று காலை சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். ஊர் ஒரே பொட்டல். தண்ணீர் உப்பு. ஒரு வருஷம் இந்த ரோடு வேலையில் தள்ளியாக வேண்டும். பிரசவத்துக்குக் காரிமங்கலம் போயிருக்கிற உன் அண்ணி சென்னம்மாளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் குழந்தையோடு திரும்பும்வரை வீடு உன் பொறுப்பு. சமையலுக்கும் துணைக்கும் ராமக்காள் இருக்கிறாள். அதனால் உன்னைப் பற்றிக் கவலையில்லை.

கவலை எல்லாம் நாய்களைப் பற்றித்தான். எங்கள் இன்ஜினியர் கெல்லட் துரை லீவில் சீமைக்குப் போகும்போது எத்தனையோ பேர் இருக்க, என்னிடம்தானே மேஜரையும் டெய்ஸியையும் விட்டுப் போனார்! "துரை உம்மை நம்பி ஒப்படைக்கிறார்" என்று சொல்லி ஹெட்கிளார்க் நாய்களின் தோல் வாரைக் கையில் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வருஷம் அவர் திரும்பி வரும்போது இரண்டும் இளைக்காமல், காயம் படாமல் இருந்தால் சூப்பர்வைசர் உத்தியோகம் எனக்குத்தான்.

காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மைல் நடத்த வேண்டும். நடக்காவிட்டால் சங்கிலியைக் கடிக்கும், ஊளையிடும். உடனே ஒரு நல்ல ஆளாகப் பார். குடிகாரன் வேண்டாம், பயந்தாங்கொள்ளி வேண்டாம். வெயில் ஏறுமுன் போய்வர வேண்டும். சந்தைப் பக்கம் கூடாது. தெருநாய் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். "ஹீல்" என்றால் கூடவே வரும், "சிட்" என்றால் உட்காரும். தமிழில் சொன்னால் கேட்காது.

ஆள் கிடைத்ததும் எழுது.

உன் அண்ணன்,
முனிராஜ்


தர்மபுரி
17-6-1938

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கோவிந்தம்மாள் நமஸ்காரம்.

நான் சௌக்கியமா என்று நீங்கள் கேட்க மறந்துவிட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், சௌக்கியம்தான்.

ஆள் தேடியது பெரிய கதை. முதலில் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற ஒருவன் வந்தான். கொட்டகைக் கதவைத் திறந்ததுதான் தாமதம், "ஏம்மா, நாயின்னு சொன்னீங்களே, இது என்னா கன்னுக்குட்டியாட்டம் நிக்குது!" என்று கேட்டுவிட்டுத் துண்டைக்கூட எடுக்காமல் போய்விட்டான். துண்டை மேஜர் கிழித்துவிட்டது.

அடுத்தது மரமேறி மாதையன். போன வருஷம் மதுவிலக்கு வந்ததிலிருந்து கள்ளிறக்கும் தொழில் இல்லாமல் கூலிக்கு அலைகிறவன். மிகவும் சாது. எழுபதடி பனையில் ஏறுகிறவனுக்கு நாய் என்ன பயம் என்று நினைத்தேன். இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் டெய்ஸி ஒரு முயலைப் பார்த்து இழுத்ததில் சப்பாத்திக் கள்ளிப் புதரில் விழுந்தான். அவன் பெண்சாதி சாலம்மாள் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "பனையிலிருந்து வுழுந்திருந்தாக்கூட ஊரு பாவம்னு சொல்லும். நாயி இழுத்து வுழுந்தான்னா சிரிக்கும்மா" என்றாள். அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாளாக நாய்கள் கட்டிய இடத்திலேயே ஊளையிடுகின்றன. பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து முறையிட்டார்.

இன்னும் தேடுகிறேன்.

கோவிந்தம்மாள்


தர்மபுரி
4-7-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆள் கிடைத்துவிட்டது. நம்பிக்கையான ஆள். சம்பளம் எதுவும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ரயில்வே கேட் வரை போய், மொரப்பூர்ச் சின்ன ரயில் போனதும் திரும்புகிறது வழக்கம். ஒரு வாரமாக ஊளைச் சத்தமே இல்லை. இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. "ஹீல்" சொன்னால் மேஜர் உடனே கேட்கிறது. டெய்ஸிக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

நீங்கள் நிம்மதியாக ரோடு வேலையைப் பாருங்கள்.

கோவிந்தம்மாள்


பல்லாரி
19-7-1938

கோவிந்தம்மாளுக்கு,

காரிமங்கலத்திலிருந்து மாமனார் எழுதியிருக்கிறார். பஸ்ஸில் தர்மபுரிக்கு வந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். வெள்ளைச் சேலை கட்டின ஒரு பெண்பிள்ளை, ஒரு கைக்கு ஒரு நாயாகப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் இங்கிலீஷில் அதட்டிக்கொண்டு போனாளாம். பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். "யார் வூட்டுப் பொம்பளைடா இது?" என்று ஒருவன் கேட்க, "ஓவர்சியர் தங்கச்சிங்க" என்று கண்டக்டர் சொன்னானாம். மாமனார் தலையைக் குனிந்துகொண்டாராம்.

சம்பளம் கேட்காத ஆள்! உன்னால் எனக்குப் பொய் எழுதவும் முடியுமா?

உன் புருஷன் காலமான இந்த ஏழு வருஷத்தில் உனக்குச் சோற்றுக்கோ துணிக்கோ குறை வைத்தேனா? ஒரு வார்த்தை கடிந்து பேசினேனா? எந்தத் தைரியத்தில் வாசற்படி தாண்டினாய்? படித்தவுடன் நிறுத்திவிடு. அந்த மாதையனையே திரும்பக் கூப்பிடு.

முனிராஜ்


தர்மபுரி
25-7-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் பார்த்தேன். பொய் எழுதியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள். நடந்ததைத் தப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. டெய்ஸி சங்கிலியை இழுத்துக் கழுத்தில் ரத்தம் வந்துவிட்டது. கொல்லைப்புறமாகக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய் வரலாம் என்றுதான் அவிழ்த்தேன். கொல்லை முடிந்தது, அவை நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. ரயில்வே கேட் அருகில் வந்துதான் மூச்சு வாங்கினேன். அண்ணா, ஏழு வருஷமாக அந்த ரயில் கூவுவதை மட்டும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எத்தனை சின்ன ரயில் என்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடத்தூரில் அப்பா இருந்தபோது களை வெட்டவும், கேழ்வரகு அறுக்கவும், சந்தைக்குக் கூடை தூக்கவும் நான் போகாத வழியில்லை. புருஷன் செத்த மறு மாதமே காட்டு வேலைக்குப் போனேன். யாரும் பஸ்ஸில் எழுந்து நின்று பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து ஓவர்சியர் தங்கையான பிறகுதான் என் கால் ஊர்க் கண்ணை உறுத்துகிறது.

உங்கள் சொல்லை மீற மாட்டேன். நேற்றோடு நிறுத்திவிட்டேன். மாதையனுக்குச் சொல்லி அனுப்பினேன். சாலம்மாள் வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். வீட்டில் அடுப்பு எரியாததால் வருகிறான். எனக்குத் தெரிந்த மட்டும் அவனுக்குக் கற்றுத் தருகிறேன். கைக்கு ஒரு வார் பிடிக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஆபத்து என்றால் முதலில் வாரை விட்டுவிட வேண்டும். நாய் தானாக வீடு வந்து சேரும்.

கோவிந்தம்மாள்


பல்லாரி
1-8-1938

கோவிந்தம்மாளுக்கு,

நீ நிறுத்தியது சந்தோஷம். மாமனாருக்கும் எழுதிவிட்டேன்.

ஆனால் வாரை விட்டுவிடச் சொல்லிக் கொடுக்கிறாயே, உனக்கு என்ன புத்தி? ஓடிப்போனால் துரைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இரண்டு வாரையும் மாதையன் இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். இது என் உத்தரவு என்று சொல். இதற்குச் சம்மதித்தால்தான் வேலை.

முனிராஜ்


சேலம்
11-8-1938

அண்ணனுக்கு,

தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன். சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சத்திரத்தில் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "வெறிநாயி! வெறிநாயி!" என்று ரோட்டில் கூச்சல். வெளியே வந்து பார்த்தால் ஜனங்கள் வேப்பமரத்திலும் வண்டி மேலும் ஏறி நிற்கிறார்கள். ரோட்டில் மாதையன் ஒருவன்தான். சந்தைப் பக்கமிருந்து வந்த ஒரு செவலை நாய் எச்சில் ஒழுக நேராக அவனிடம் வந்திருக்கிறது. பனையேறி அவன். பக்கத்திலேயே மரம் இருந்தது. இரண்டே எட்டில் ஏறியிருப்பான். இடுப்பில் இரண்டு நாய்கள் கட்டியிருக்கும்போது எப்படி ஏறுவான்?

மேஜர் ஒரு பக்கம் இழுக்க, டெய்ஸி ஒரு பக்கம் இழுக்க, அவன் குப்புற விழுந்தான். அவன் மேலேயே மூன்று நாய்களும் புரண்டன. "முடிச்சு அவுரலீங்களே! அம்மா, முடிச்சு அவுரலீங்களே!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நான் கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். எப்படி ஓடினேன், எப்படி வாரை அறுத்தேன் என்று கேட்டால் தெரியாது. நான் அறுத்த பிறகுதான் மரத்திலிருந்து இரண்டு பேர் குதித்து அந்த நாயைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றார்கள். மாதையனுக்கு முழங்கையில் மூன்று இடத்தில் பல் இறங்கியிருந்தது. மேஜருக்கு மூக்கில் கடி, டெய்ஸிக்குத் தொடையில்.

வெறிநாய்க் கடிக்கு ஊசி சேலத்தில்தான் என்று தர்மபுரி டாக்டர் சொன்னார். பதினாலு நாள், வயிற்றில். அன்று மத்தியானமே பஸ்ஸுக்குப் போனோம். நாய் கடித்தவனை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் வாசலை மறித்தான். "குலைச்சிக்கிட்டே கடிப்பானாம்" என்று உள்ளே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். சாலம்மாள் என்னைப் பார்த்து, "உங்க நாய்க்கு எம்புருசன் இரைங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு நாய்களையும் சுட்டாக வேண்டும் என்றார். அதே நேரம் என் தந்திக்கு உங்கள் பதில் தந்தி வந்தது. "நாய்களைச் சுடாதே. துரைக்கு எழுதுகிறேன். பதில் வரும்வரை பூட்டி வை." இரண்டு தரம் படித்தேன். மாதையனைப் பற்றி ஒரு எழுத்தாவது இருக்கிறதா என்று மூன்றாம் தரமும் படித்தேன்.

கொட்டகைக் கதவு ஓட்டைப் பலகை. பக்கத்தில் குமாஸ்தா வீட்டில் மூன்று குழந்தைகள். நான் தந்தியை மடித்து வைத்துவிட்டுச் சுடச் சொன்னேன். கான்ஸ்டபிள்கள் கொட்டகைக்குள் போகப் பயந்தார்கள். நான்தான் போய் ஒவ்வொன்றாக அழைத்து வந்தேன். "சிட்" என்றேன். மேஜர் உட்கார்ந்தது. டெய்ஸிக்கும் ஒரே தரம்தான் சொன்னேன், அதுவும் உட்கார்ந்தது. நான் திரும்பி நடந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டரே எங்கள் மூவரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். தொப்பூர்க் கணவாய் முழுக்க மாதையன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே வந்தான். யாரும் பயப்படக் கூடாதாம்.

கோவிந்தம்மாள்


பல்லாரி
16-8-1938

கோவிந்தம்மாளுக்கு,

என்ன செய்துவிட்டாய்! தந்தி கையில் கிடைத்த பிறகுமா சுடச் சொன்னாய்? பதினைந்து வருஷம் வெயிலில் ரோடு அளக்கிற சங்கிலி பிடித்தவனுக்கு வந்த ஒரே சந்தர்ப்பம். உன் வாயாலேயே கூப்பிட்டுச் சுட வைத்தாய். துரைக்கு நான் எந்த முகத்தோடு எழுதுவேன்?

அந்நிய ஆடவனோடு சத்திரத்தில் தங்கியிருக்கிறாய். சாலம்மாள் கூட இருக்கிறாள் என்பாய். ஊருக்கு அதெல்லாம் கேட்காது. என் வீட்டில் என் சொல்லுக்கு இடமில்லை என்றால் நீ கடத்தூருக்கே போய் இருந்துகொள்.

முனிராஜ்


சேலம்
21-8-1938

அண்ணனுக்கு,

இன்று பதினோராவது ஊசி. மாதையன் வயிறு கல்போல வீங்கியிருக்கிறது. நிமிர்ந்து படுக்க முடியவில்லை. "அண்ணன் என்ன எழுதியிருக்காருங்க? எம்மேல கோவமுங்களா? நாய்ங்கள காப்பாத்த முடியலியே" என்று கேட்டான். உங்கள் கடிதத்தில் அவன் பெயரே இல்லை என்று எப்படிச் சொல்வது? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள் என்றேன். இது நான் சொன்ன இரண்டாவது பொய்.

இடுப்பில் கட்டச் சொன்னது நீங்கள். அது கூடாது என்று தெரிந்தும் உங்கள் உத்தரவை அவனிடம் படித்துக் காட்டி, முடிச்சைச் சரிபார்த்து அனுப்பியது நான். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாதி என்னுடையது. மீதிப் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடத்தூருக்குப் போவதைப் பற்றி ஊசி முடிந்த பிறகு யோசிக்கிறேன்.

கோவிந்தம்மாள்


பல்லாரி
26-9-1938

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு மாதமாக எழுதாமல் இருந்தேன். இன்று துரையிடமிருந்து விமானத் தபாலில் பதில் வந்தது. நாய்கள் செத்துப்போன விவரத்தை எழுதி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டிருந்தேன். நாலே வரியில் பதில். தமிழில் எழுதுகிறேன்.

"உன் கடிதம் ஆச்சரியமாக இருந்தது. அந்த நாய்களைச் சுட்டுவிடும்படி நான் புறப்படுவதற்கு முதல் நாளே ஹெட்கிளார்க்கிடம் சொல்லியிருந்தேன். நான் இந்தியாவுக்குத் திரும்புவதாக இல்லை. உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

ஹெட்கிளார்க் நாய்களைப் பார்த்துப் பாவப்பட்டாரோ, என்னைப் பார்த்துச் சிரித்தாரோ, இனி யாரைக் கேட்பது? போன மாதம் பென்ஷனில் போய்விட்டார். துரை என்னை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை, கோவிந்து. என் பெயரையே அவர் கடிதத்தில் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார்.

செத்தே போயிருக்க வேண்டிய நாய்களுக்காக ஒரு மனுஷனை இடுப்பில் கட்டினேன். உன் கடிதத்தை எடுத்து, முடிச்சு அவிழவில்லை என்று அவன் கத்திய இடத்தை இன்று பத்துத் தரம் படித்துவிட்டேன். மீதிப் பாதி என்னுடையதுதான். பாதி இல்லை, முழுவதும்.

மாதையன் எப்படி இருக்கிறான்? தண்ணீரைப் பார்த்துப் பயப்படவில்லையே? சென்னம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரிந்திருக்கும். பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. எட்டாம் தேதி காலை மொரப்பூரிலிருந்து சின்ன ரயிலில் வருகிறேன். மாதையனை நேரில் பார்க்க வேண்டும். கடத்தூருக்குப் போகச் சொன்னதை மறந்துவிடு. அது உன் வீடு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஊர் வாய் அடங்கும்வரை கொஞ்ச நாள் வெளியே தலை காட்டாமல் இரு. உன் நல்லதுக்குத்தான்.

உன் அண்ணன்,
முனிராஜ்


தர்மபுரி
2-10-1938

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கோவிந்தம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த நாலு வரியை மாதையனிடம் நான் சொல்லவில்லை. சொல்வதானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவன் நன்றாக இருக்கிறான். புண் ஆறிவிட்டது. கடித்து எட்டு வாரம் ஆகப்போகிறது. இன்னும் சில வாரம் போனால் முழுக்கப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். தினமும் விடிந்ததும் சாலம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். அவன் அதை முழுக்கக் குடித்து முடிக்கும்வரை அவள் கண் இமைப்பதில்லை. குடித்துவிட்டு, "போதுமாடி?" என்பான். அதன் பிறகுதான் அவள் அடுப்பு மூட்டுவாள். நீங்கள் அவனைப் பார்க்கப் போனால் அந்த நேரத்துக்குப் போங்கள். நீங்களும் பார்க்க வேண்டும்.

மருமகள் பிறந்ததில் மிகவும் சந்தோஷம். அண்ணி சீக்கிரம் வரட்டும். நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன்.

நீங்கள் கேட்டுக்கொண்ட ஒன்றுக்கு மட்டும் என்னால் சம்மதிக்க முடியவில்லை. சேலத்திலிருந்து வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. கொட்டகை காலி. கையில் பிடிக்க வார் இல்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். அன்றிலிருந்து தினமும் கேட் வரை போய் வருகிறேன். நாயோடு போனபோது பார்த்ததைவிட இப்போதுதான் அதிகம் பார்க்கிறார்கள். நேற்று குமாஸ்தா, "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். "நடக்கப் போறேனுங்க" என்றேன்.

எட்டாம் தேதி வாருங்கள். உங்கள் ரயில் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். சாவி ராமக்காளிடம் இருக்கும்.

கோவிந்தம்மாள்